உறக்கத்தில் ஓடும் கடிகாரம்

பொறிகளில் பெரும்பாலானவை ஓடுவதற்கென்றே செய்யப்படுபவை. பதினைந்து ஆண்டுகளாக நான் செய்துவரும் சிறு ரேடியோப் பொறிகளோ தங்கள் ஆயுளில் ஏறக்குறைய முழுவதையும் உறங்கிக் கழிக்க வேண்டியவை. சில விநாடிகளுக்கு ஒரு முறை விழித்து, ஓரிரு மில்லி விநாடி பேசிவிட்டு, மறுபடியும் கண்ணை மூடிக்கொள்ளும் அந்தப் பொறிக்கு, ரூபாய் நாணயத்தைப் போன்ற ஒரு லித்தியம் பாட்டரியே ஆண்டுக்கணக்கான ஆகாரம். அது உறங்கும்போது ரேடியோ அணைந்திருக்கும். கணக்குப் போடும் மூளை அணைந்திருக்கும். மூளைக்குத் தாளம் கொடுக்கும் மெகாஹெர்ட்ஸ் கடிகாரமும் நின்றிருக்கும். நிற்காமல் ஓடுவது ஒன்றே ஒன்று: விநாடிக்கு 32,768 முறை துடிக்கும் ஒரு சின்னக் கடிகாரம். அடுத்த விழிப்பு எப்போது என்பதை எண்ணிக்கொண்டிருப்பது அதுதான். அந்தக் கடிகாரத்தை எதைக்கொண்டு ஓட்டுவது என்ற நிர்ணயம், உதிரிப் பாகங்களின் பட்டியலில் ஒரு வரிக்குமேல் இடம் பிடிக்காத அற்ப விஷயமாகத் தோன்றினாலும், பொறியின் ஜீவன் முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது என்பதை நான் அனுபவத்தால் அறிந்தேன். அந்த அனுபவத்தை இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்குச் சொல்லிவைப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

32,768 என்ற எண்ணைக் கேட்பவர்களுக்கு அது ஏதோ மனம்போன போக்கில் வைத்த எண் என்று தோன்றலாம். இரண்டைப் பதினைந்து முறை பெருக்கிக்கொண்டே போனால் கிடைப்பது அது. ஆகவே அதைப் பதினைந்து முறை பாதி பாதியாக்கினால் சரியாக விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். பாதியாக்குவது மின்னணுச் சுற்றுகளுக்கு மிகவும் எளிய காரியம். வேகம் இதைவிடக் குறைந்தால், அந்தத் துடிப்பைத் தரும் ஸ்படிகத் துண்டு பெரிதாக வேண்டும். கூடினால் மின்சாரச் செலவு கூடும். 1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி ஜப்பானில் சீகோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் ஸ்படிகக் கைக்கடிகாரமான அஸ்ட்ரான் விநாடிக்கு 8,192 முறைதான் துடித்தது. பின்னால் வந்த கைக்கடிகாரங்கள் 32,768இல் நிலைகொண்டன. கோடிக்கணக்கில் அவை செய்யப்பட்டதால் அந்த ஸ்படிகம் மலிவாயிற்று. மலிவானதால் எங்கள் ரேடியோப் பொறிகளும் அதையே சுவீகரித்துக்கொண்டன.

இந்த ஸ்படிகம் நம் நாட்டாருக்கு அந்நியமான வஸ்து அன்று. இராமேசுவரத்தில் விடியற்காலையில் தரிசனம் தரும் ஸ்படிக லிங்கமும், பாட்டிமார்களின் கழுத்திலே குளிர்ந்து கிடந்த ஸ்படிக மாலையும் எந்தப் பொருளால் ஆனவையோ, அந்தச் சிலிக்கன் டை ஆக்ஸைடுதான் இதுவும். ஆனால் பூமியிலிருந்து தோண்டி எடுக்காமல் ஆலையில் வளர்க்கப்பட்டது. அதை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880இல் ழாக், பியேர் கியூரி என்ற சகோதரர்கள் பிரான்ஸில் கண்டார்கள்; மின்சாரம் கொடுத்தால் அது அசையும் என்பது அதன் மறுபக்கம். 1927இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வாரன் மாரிசன் அந்த அசைவைக் கொண்டு கடிகாரம் ஓட்டிக் காட்டினார். எங்கள் போர்டில் உட்கார்ந்திருக்கும் துண்டு, சங்கீத வித்துவான் சுருதி பார்க்கும் இசைக்கவையைப் போல இரண்டு கால்களாகப் பிளந்தது. அரிசியைவிடச் சற்றே பெரிய உறைக்குள், காற்று நீக்கிய வெறுமையிலே, காதுக்கு எட்டாத சுருதியில் அது இரவு பகலாக அதிர்ந்துகொண்டிருக்கிறது.

ஸ்படிகம் இல்லாமலும் காலத்தை எண்ணலாம். பழங்காலத்தில் நம்மவர்கள் நாழிகை வட்டில் வைத்து, நீர் சிறு துளை வழியாக நிரம்பும் நேரத்தைக் கொண்டு நாழிகையைக் கணக்கிட்டார்கள். அரசனுக்குப் பொழுது அறிவிப்பதற்கென்றே நாழிகைக் கணக்கர் இருந்தார்கள். அதே தத்துவம் இன்று சில்லுக்குள்ளேயும் இருக்கிறது. நீருக்குப் பதிலாக மின்சாரம். துளைக்குப் பதிலாக ரெஸிஸ்டர். வட்டிலுக்குப் பதிலாகக் கெப்பாஸிட்டர். வட்டில் நிரம்புவதும் ஒழிவதுமாக ஓடும் இதை நாங்கள் ஆர்.சி. கடிகாரம் என்கிறோம். இதற்கு வெளியே வாங்கிவைக்க வேண்டிய உறுப்பு ஒன்றும் இல்லை. காசும் இடமும் மிச்சம். ஆனால் உஷ்ணம் மாறினால் துளையின் அகலமே மாறுகிறது போல, இதன் வேகம் நூற்றுக்குச் சில பங்கு வரையில் தவறும். ஆகவே பொறி சில விநாடிகளுக்கு ஒரு முறை தன் பெரிய கடிகாரத்தை எழுப்பி, அதனோடு இதை ஒத்துப்பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது வழியும் ஒன்று உண்டு: பெரிய கடிகாரத்தை அணைக்காமலே வைத்துக்கொண்டு, அதன் துடிப்பை வகுத்துச் சின்னத் துடிப்பை உண்டாக்குவது. வீட்டில் ஒருவரும் இல்லாதபோது எல்லா விளக்கையும் எரியவிட்டுப் போவதற்கு இது சமானம். மின்கம்பியில் நேரே இணைந்திருக்கும் பொறிக்கு ஆகுமேயன்றிப் பாட்டரிப் பொறிக்கு ஆகாது.

நான் மிகுதியாகப் பழகிய சில்லு நார்வே நாட்டு நார்டிக் நிறுவனத்தின் என்.ஆர்.எஃப். 52832. அதில் ஸ்படிகத்தை ஓட்டும் செலவு கால் மைக்ரோஆம்பியர், ஆர்.சி.யை ஓட்டும் செலவு 0.6 மைக்ரோஆம்பியர். மின்சாரத்தைச் சிக்கனம் செய்வதற்காக உள்ளே இருப்பதையே வைத்துக்கொள்ளலாம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். வாஸ்தவம் அதற்கு நேர் எதிர். ஆர்.சி. அரை மில்லி விநாடியளவில் எழுந்து ஓடத் தொடங்கிவிடும், ஸ்படிகம் அதிர்வு பெற்று நிலைகொள்ளக் கால் விநாடி ஆகும், அதுவரை ஆர்.சி.யே பொறுப்பேற்று நிற்கும். திருத்திக்கொண்டே இருந்தால் ஆர்.சி.யின் பிழை பத்து லட்சத்தில் 500 பங்குக்குள் அடங்கும். நாளைக்கு நாற்பத்து மூன்று விநாடி. ஸ்படிகத்தின் பிழை பத்து லட்சத்தில் 20 பங்கு. நாளைக்கு ஒன்றே முக்கால் விநாடி. பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பதை நாங்கள் பி.பி.எம். என்று சொல்லிப் பழகிவிட்டோம். இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

நேரம் காட்டாத பொறிக்கு இந்தத் துல்லியம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. ப்ளூடூத் லோ எனர்ஜி முறையில் இரண்டு பொறிகள் தொடர்பு கொண்டபின், இத்தனை நேரத்துக்கு ஒரு முறை சந்திப்பது என்று உடன்பாடு செய்துகொண்டு, இரண்டும் உறங்கப் போகின்றன. பஸ் எட்டு மணிக்கு வரும் என்று தெரிந்தவன், தன் கடிகாரம் ஐந்து நிமிஷம் முன்பின்னாக ஓடக்கூடியது என்பதையும் தெரிந்துகொண்டிருந்தால், ஐந்து நிமிஷம் முன்னதாகவே நிறுத்தத்தில் போய் நிற்பான். நம் பொறியும் அப்படித்தான்: இரண்டு பக்கத்துக் கடிகாரங்களுக்கும் அறிவிக்கப்பட்ட பிழைகளைக் கூட்டி, கடந்த சந்திப்பிலிருந்து ஓடிய காலத்தால் பெருக்கி, அதன்மேல் 16 மைக்ரோ விநாடியும் சேர்த்து, அவ்வளவு முன்னதாக எழுந்து காதைத் திறந்துவைத்துக்கொள்ளும். காது திறந்திருக்கும் நேரமெல்லாம் ஐந்து மில்லியாம்பியருக்கு மேல் செலவு. உறங்கும்போது ஆகும் செலவைப்போல் அது ஆயிரக்கணக்கான மடங்கு. ஆகவே கடிகாரம் எவ்வளவு நம்பத்தக்கதோ அவ்வளவுக்குக் காத்திருப்பு குறையும். காத்திருப்பு குறைந்தால் பாட்டரி நிற்கும்.

இதிலே சூக்ஷ்மமான ஒரு சொல் இருக்கிறது. பொறி கணக்கில் எடுத்துக்கொள்வது கடிகாரத்தின் உண்மையான பிழையை அன்று. நாம் அறிவித்த பிழையை. அந்த எண்ணை மென்பொருளில் எழுதிவைப்பவர் நாம். அதை நான் ஒரு முறை தவறாக எழுதினேன்.

கோயம்புத்தூரில் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்கு ஒரு பொறி செய்தோம். தொட்டியில் மிதவை, அதன் நிலையை அறியும் காந்த ஸ்விட்ச், மூடியின் மேல் கறுப்புப் பிளாஸ்டிக் டப்பாவில் எங்கள் போர்டு. நீர்மட்டத்தை அது நாலு விநாடிக்கு ஒரு முறை கீழே மோட்டார் ஸ்டார்ட்டர்ப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி மோட்டாரை ஓட்டும், நிறுத்தும். ஸ்படிகமே வைத்தோம். விற்றவரின் விவரத்தாளில் 20 பி.பி.எம். என்று அச்சிட்டிருந்தது, மென்பொருளிலும் 20 என்றே எழுதினேன். மேஜைமேல் வாரக்கணக்கில் ஓடவிட்டோம். ஒரு சந்திப்பும் தவறவில்லை. மாசி மாதத்தில் வீடுகளில் பொருத்தினோம். சித்திரை பிறந்ததும் புகார்கள் வரத் தொடங்கின: தொடர்பு அறுந்துபோகிறது, மோட்டார் ஓட மறுக்கிறது.

ரேடியோ அறுந்தால் ரேடியோவையே சந்தேகிப்பது எங்கள் ஜாதி வழக்கம். கான்கிரீட் தளம் குறுக்கே நிற்கிறது, தொட்டி நிறைய நீர் இருக்கிறது என்றெல்லாம் காரணம் கற்பித்துக்கொண்டு ஆன்டெனாவை மாற்றினோம். பெட்டியை மாடிப்படிக்கு நகர்த்தினோம். ரேடியோவின் சக்தியை உயர்த்தினோம். பயனில்லை. கடைசியில் ஒரு வீட்டில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், பல நாள் கவனித்து நாட்குறிப்பிலே குறித்தும் வைத்திருந்தவர், எனக்கு மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மேல இது வாயைத் தொறக்கறதே இல்லீங்க தம்பி. வெயில் எறங்கினா தானா வந்துருது. மேகம் மூடின அன்னிக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அந்த டப்பாவைக் கையால தொட்டுப் பாத்தீங்களா?”

“இல்லீங்கம்மா” என்றேன். மாடிக்கு ஏறிப்போய் டப்பாவின் மேல் உள்ளங்கையை வைத்தேன். ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன்.

அந்த அம்மையார் சொன்ன வாக்கியத்தில் விடை முழுவதும் இருந்தது. கவை வடிவ ஸ்படிகம் 25 டிகிரி உஷ்ணத்தில் தன் உச்ச வேகத்தில் ஓடும்படி செய்யப்பட்டது. மலை உச்சியில் நிற்பவன் எந்தப் பக்கம் நடந்தாலும் இறங்கத்தான் வேண்டும் என்பதுபோல, சூடேறினாலும் குளிர்ந்தாலும் அதன் வேகம் குறையத்தான் செய்யும். குறையும் அளவு, 25இலிருந்து விலகிய டிகிரிகளின் வர்க்கத்தை 0.035ஆல் பெருக்கினால் வரும் பி.பி.எம். பத்து டிகிரி விலகினால் மூன்றரைதான். முப்பத்தைந்து டிகிரி விலகினால் நாற்பத்து மூன்று. விவரத்தாளில் உள்ள 20 என்பது 25 டிகிரியில் மட்டும் உள்ள பிழை. சூட்டாலும் குளிராலும் வேகம் இறங்கும் இந்த வளைவின் கணக்கு அதே தாளில் வேறொரு வரியில் ஒளிவுமறைவின்றி அச்சிடப்பட்டிருந்தது. முதல் வரியைப் படித்த நான் அந்த வரிக்கு வந்து சேரவில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும், போர்டு ஒன்றைச் சிறு மின் அடுப்பிலே வைத்துப் பரீட்சை செய்தேன். ஸ்படிகத்தின் காலில் அளவுக் கருவியின் ஊசியை வைக்கக்கூடாது. அந்த ஊசியின் பத்துப் பிகோஃபாரட் கெப்பாஸிட்டன்ஸே அதன் வேகத்தை மாற்றிவிடும், சில சமயம் அதிர்வையே நிறுத்திவிடும். ஆகவே துடிப்பைச் சில்லின் வேறொரு காலுக்கு மென்பொருளால் கொண்டுவந்து, அங்கே எண்ணினேன். அறை உஷ்ணத்தில் கருவி காட்டியது 32,767.70 ஹெர்ட்ஸ்; அதாவது 9 பி.பி.எம். மெதுவு. ஸ்படிகத்தின் இருபுறமும் உள்ள கெப்பாஸிட்டர்களோடு போர்டின் செப்புத் தடமும் அரைப் பிகோஃபாரட் சேர்த்துக்கொண்டதன் பலன் அது. அடுப்பின் உஷ்ணத்தை மெல்ல ஏற்றினேன். 40 டிகிரி வரையில் கடைசி இலக்கங்களே நகர்ந்தன; 50ஐத் தாண்டியதும் இறக்கம் கண்ணுக்குத் தெரிந்தது; 60 டிகிரியில் கருவி 32,766.30இல் நின்றது. மொத்தம் 52 பி.பி.எம். மெதுவு.

இனிக் கணக்கு எளிது. கீழ்ப் பெட்டி 20, மேல் டப்பா 20 என்று அறிவித்திருந்தோம், கூட்டினால் 40, நாலு விநாடிக்கு 160 மைக்ரோ விநாடி, 16ஐயும் சேர்த்தால் 176. டப்பா தாமதித்ததோ 208. பஸ் போனபிறகு நிறுத்தத்துக்கு வந்தவனைப் போல அது காதைத் திறந்தது. சந்திப்பு ஒன்று தவறினால் அடுத்த முறை காத்திருப்பு இருமடங்காக விரியும். ஆனால் தாமதமும் இருமடங்காகிவிடும். துரத்துகிறவனைவிட ஓடுகிறவனே வேகமானவன் என்றால் எத்தனை நேரம் துரத்தினாலும் எட்ட முடியாது. நாங்கள் வைத்திருந்த கெடு இருபது விநாடி. அது கடந்ததும் தொடர்பு அறுந்தது. மாலையில் டப்பா ஆறியதும், ஒன்றும் நடவாததுபோல எல்லாம் சரியாயிற்று.

திருத்தம் என்ன? விலை உயர்ந்த ஸ்படிகம் வாங்க வேண்டியிருக்கவில்லை. 70 டிகிரி வரை சூடேறலாம் என்று வைத்துக்கொண்டேன்: வளைவின் பிழை 71, ஸ்படிகத்தின் சொந்தப் பிழை 20, வயதாவதால் வரும் பிழை மூன்று. மொத்தம் 94. ப்ளூடூத் விதி பிழைகளை எட்டுப் படிகளாக வகுத்திருக்கிறது. அவற்றில் 76 முதல் 100 வரை ஒரு படி. தடத்தின் உபரியைக் கெப்பாஸிட்டரில் குறைத்துக்கொண்டு, மென்பொருளில் 20 என்று இருந்ததை 100 என்று மாற்றினேன். நாலு விநாடிக்கு ஒரு முறை, முன்பு 0.176 மில்லி விநாடி முன்னதாக விழித்த பொறி இப்போது 0.496 மில்லி விநாடி முன்னதாக விழிக்கும். சராசரியில் கூடிய செலவு 0.43 மைக்ரோஆம்பியர், ஓராண்டுக்குச் சேர்த்துப் பார்த்தால் நாலு மில்லியாம்பியர்-மணிக்கும் குறைவு. பாட்டரியில் இருப்பது சுமார் 220. உண்மையைச் சொல்வதற்கு ஆன விலை நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. சொல்லாததற்கு ஆன விலை ஒரு கோடைக்காலம் முழுவதும் எத்தனையோ வீடுகளின் தண்ணீர். அடுத்த சித்திரையில் அந்த ஆசிரியையின் வீட்டு மாடியில் தொடர்பு ஒரு நாளும் அறவில்லை.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, கடிகாரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் ஓர் ஒழுங்கைக் கைக்கொண்டு வருகிறேன். பொறி தன் பெயரையும் அளவையும் வானொலி அறிவிப்பைப்போல ஒலிபரப்பிவிட்டு உறங்கிவிடும், யாரையும் குறித்த நேரத்தில் சந்திக்காது என்றால் ஆர்.சி.யே போதும், அத்தகைய அறிவிப்புகளுக்கு இடையில் பூஜ்யம் முதல் பத்து மில்லி விநாடி வரை வேண்டுமென்றே தாறுமாறான இடைவெளி விடும்படி விதியே சொல்கிறது, அங்கே ஸ்படிகத் துல்லியம் வீண். சந்திப்பு முப்பது ஐம்பது மில்லி விநாடிக்கு ஒரு முறை என்றாலும் ஆர்.சி. போதும், அவ்வளவு சிறிய இடைவெளியில் 500 பி.பி.எம். என்பது இருபது முப்பது மைக்ரோ விநாடிக்குள் அடங்கிவிடும். சந்திப்பு நாலு விநாடிக்கு ஒரு முறை என்றாலோ, ஆர்.சி. வைத்த பொறி இரண்டு மில்லி விநாடிக்கு மேல் காத்திருக்க நேர்ந்து, ஓராண்டில் பாட்டரியின் பத்தில் ஒரு பங்கை அந்தக் காத்திருப்பிலேயே கூடுதலாகச் செலவழித்துவிடும். திருத்தும் செலவு தனி. அங்கே ஸ்படிகம்தான் சிக்கனம். பொறி மணி காட்ட வேண்டும், அதுவும் வெயிலிலும் பனியிலும் காட்ட வேண்டும் என்றால், உஷ்ணத்தை அளந்து தானே திருத்திக்கொள்ளும் டி.எஸ். 3231 போன்ற கடிகாரச் சில்லு வேண்டும். சாதாரண உஷ்ணத்தில் அதன் பிழை 2 பி.பி.எம்., ஆண்டுக்கு ஒரு நிமிஷம்.

ஸ்படிகத்தைத் தேர்ந்தவர்களுக்கு மேலும் இரண்டு விண்ணப்பங்கள். முதலாவது, அது இயல்பிலே மெல்லிய பிராணி. ஒரு முறை, போர்டுகளைப் பூட்டிக்கொடுத்த பட்டறையில், சோல்டர் ஃப்ளக்ஸைப் போக்க மீயொலித் தொட்டியில் கழுவிவிட்டார்கள். அந்தத் தொட்டியின் அதிர்வு 40 கிலோஹெர்ட்ஸ். கவையின் சுருதிக்கு வெகு அருகில். கண்ணாடிக் கோப்பை பக்கத்து நாதத்தில் விரிசல் விடுவதுபோல, கவைகள் உறைக்குள்ளேயே ஒடிந்தன; வெளியே பார்த்தால் ஒரு கீறலும் இல்லை. இரண்டாவது, ஸ்படிகத்தின் அதிர்வு பலமானதா என்று சோதிக்காமல் பொறியை வெளியே அனுப்பாதீர்கள். அதனோடு தொடராக ஒரு ரெஸிஸ்டரைச் சேர்த்து, ஸ்படிகத்தின் சொந்தத் தடையைப்போல் ஐந்து மடங்கு வரையில் கூட்டிப் பாருங்கள். அப்போதும் அதிர்வு எழுந்தால் மழைக்காலத்து ஈரத்தையும் அது தாங்கும்.

பிழை இல்லாத கடிகாரம் என்று ஒன்று கிடையாது. இவ்வளவு பிழை என்று மெய்யாக அறிவிக்கப்பட்ட கடிகாரமும், பொய்யாக அறிவிக்கப்பட்ட கடிகாரமும்தான் உண்டு. 500 என்று அறிவித்து 500க்குள் ஓடும் ஆர்.சி. தன் சந்திப்பைத் தவறவிடாது. 20 என்று அறிவித்து 52இல் ஓடும் ஸ்படிகம் தவறவிடும். ஆகையால் இத்தொழிலுக்கு வரும் தம்பிமார்களையும் தங்கைமார்களையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: மென்பொருளில் அந்த எண்ணை எழுதுவதற்கு முன்னால், பொறி இருக்கப்போகும் இடத்துக்கு ஒரு சித்திரை மாதத்து நடுப்பகலில் போய், அதன் டப்பாவின் மேல் உங்கள் கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.